அன்னாசிச் சட்டை

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியக்கூடாது என்பார்கள். எங்கள் சித்தப்பா இரவல் சட்டையை நம்பிக் கல்யாணமே செய்துகொண்டவர்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஏழு வருட இழுபறிக்குப் பிறகு சித்தப்பாவுக்குப் பிரெஞ்சு வதிவிடக் கார்ட் கிடைத்திருந்தது. கார்ட் கிடைத்தால் அடுத்தது பெண் என்பது லா சப்பல் தமிழர் வழக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சாதகமும் பொருந்தியது. ஆனால் நல்ல படமொன்று பார்க்காமல் சம்மதம் சொல்ல முடியாது என்றுவிட்டார் பெண்ணின் தாய். சித்தப்பாவிடம் இருந்தவை சமையலறை உடுப்புகளும் ஒரு குளிர் ஜாக்கெட்டும்தான். இரவல் கோட் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கியது.

அவரோடு ஒரே ரெஸ்டோரண்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர்தான் கைகொடுத்தார். தன் சட்டையைத் துவாயில் சுற்றி, ரூ பெர்தொனே தெருவில் இருந்த ஸ்டூடியோவுக்கே கொண்டுவந்தார். அவர்கள் நாட்டு ஆண்கள் கல்யாணத்துக்குப் போடும் பாரோங். அன்னாசி நாரில் நெய்தது. நெஞ்சில் பூவேலை; துணியோ வெங்காயத் தோல்போல் மெல்லிசு. மகளின் கல்யாணத்தில் அவள் கையைக் கோத்து நடக்கும்போது போடுவதற்கென்று ஊரில் தைப்பித்து அனுப்பியிருந்தார்கள். அவரிடம் பேப்பர் இல்லை. போனால் திரும்பி வர முடியாது. கல்யாணம் அவர் இல்லாமலே முந்திய கிழமை முடிந்திருந்தது. எங்கள் வீடுகளில் இதெல்லாம் தடிமன் பிடித்த செய்திபோலத்தான். நான் பெரிதாக எடுக்கவில்லை.

அம்மா சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, உது நுளம்பு வலையெல்லோ! ஊரிலை சிரிக்கப்போகினம்."

"உள்ளுக்கை பெனியன் போடுறன் அண்ணி. பேசாமல் இருங்கோ."

உடுத்திக்கொண்டு வந்த சித்தப்பா, மாப்பிள்ளைக்கு அதுதான் மரியாதை என்று, சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டு பெல்ட்டையும் இறுக்கியிருந்தார். பூவேலையில் பாதி உள்ளே போய்விட்டது. "நோன்! நோன்!" என்று பாய்ந்த பிலிப்பைன்ஸ்காரர் எல்லார் முன்னிலையிலும் அதை உருவி வெளியே விட்டார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சிரித்தார். பிலிப்பைன்ஸ்காரரோ தோள் மடிப்பைப் பெருவிரலால் நீவிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஏழெட்டு ஊர்களில் கோப்பை கழுவியிருக்கிறேன்; ஒரு சட்டையை அத்தனை கவனமாக நீவிய கையை வேறெங்கும் காணவில்லை.

எடுத்த படம் போனில் உடனே யாழ்ப்பாணம் போனது. பத்து நிமிடத்தில் தாயின் பதில்: "மாப்பிள்ளை வேதக்காரரோ?"

சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் திருநீறு பூசி இன்னொரு படம் எடுக்கலாமா என்று அம்மா யோசிப்பதற்குள் பெண்ணே எழுதியிருந்தாள்: "உந்தத் துணி எங்கை வாங்கினது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

"சரி, பெட்டை விழுந்திட்டாள்," என்றார் அம்மா. அவள்தான் என் சித்தி.

புறப்படும்போது பிலிப்பைன்ஸ்காரர் கூச்சத்தோடு தனக்கும் ஒரு படம் வேண்டும் என்றார். சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, நடுவில் நிற்காமல் ஓரமாகப் போய் நின்றார். இடது முழங்கையை மடித்து வைத்துக்கொண்டு, பக்கத்து வெறுமையைப் பார்த்துச் சிரித்தார். ஸ்டூடியோக்கார அண்ணை அந்த வெறுமைக்கும் இடம் விட்டே கமராவைத் திருப்பினார். தூர இருப்பவர்களைப் படத்தில் சேர்த்துக் கொடுப்பது அவருக்கு அன்றாட வேலை.

பாவம், நிற்கத் தெரியாத மனிசன் என்று எண்ணி நான் ஓடிப்போய் அந்தக் கைக்குள் என் கையைக் கோத்துக்கொண்டேன். அவர் உரக்கச் சிரித்தார். எனக்காக ஒன்று எடுக்கவிட்டார். பிறகு என்னை மெல்லத் தூக்கி அப்பால் விட்டுவிட்டு, திரும்பவும் அதே ஓரத்தில், அதேபோல் கையை மடித்து நின்றார்.

"அம்மா, ஆளில்லாத இடத்துக்கும் சேர்த்துப் படம் பிடிக்கிறார்!" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தேன்.

காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் சிரித்த அம்மா இதற்குச் சிரிக்கவில்லை. என் கையில் நன்றாக ஒரு கிள்ளு கிள்ளினார். செவ்ரானில் எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்வரை, நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்டுச் சிணுங்கிக்கொண்டே வந்தேன்.