இடது முன்மூலையில் ஒரு போல்ட்

குற்றச்சாட்டு இதுதான்: பிப்ரவரி பதினொன்றாம் தேதி, காலை பதினொன்றே கால் மணிக்கு, பணிமனை மேற்பார்வையாளர் தம் கைப்பட எழுதி முத்திரையிட்டுத் தந்த தாளில், ‘வண்டியில் பழுது ஏதுமில்லை, ஓட்டுபவரின் கவனக்குறைவே காரணம்’ என்று குறித்தார். அந்த வாக்கியத்தின் பின்பாதிக்கு அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை.

அந்த ஓட்டுபவருக்கு வயது ஐம்பத்து நான்கு. மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கோப்புகளைக் காத்துவருகிறவர். துண்டுச் சீட்டு கிடைத்தாலும் மூலையில் தேதி போடாமல் கீழே வைக்கமாட்டார் என்பதால், உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் தேதியம்மா. கேலியாக வைத்ததுதான். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அவருடைய காருக்குப் பத்தொன்பது வயது. ஒரு வருடமாக அதற்கு ஒரு வியாதி. ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் காட்டும் முள்பலகை இருண்டு, இஞ்சின் அடங்கி, இரண்டு விநாடியில் ஒன்றும் நடக்காததுபோல் எல்லாம் திரும்பிவரும். பணிமனைக்குக் கொண்டுபோனால் மட்டும் சமர்த்தாக இருக்கும். எங்களைப் பார்த்தாலே நல்ல பிள்ளையாகிவிடுகிறது என்று மேற்பார்வையாளர் சிரித்தார். நான்காவது முறை அந்தத் தாளை எழுதிக் கையில் கொடுத்தார்.

தாளைப் படித்த தம்பி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“மாசக் கடைசில வித்துடலாம்க்கா. நீ ஓட்டினது போதும்.”

“என்னைப் பத்தி எவனோ எழுதினதை நம்புற. நான் எழுதறதையும் ஒருதரம் பாரு. மூணு வாரம் குடு. நீயே பக்கத்துல உக்காந்து வா.”

மறுக்க முடியாமல் தம்பி உட்கார்ந்தான். மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு. நேரம், இஞ்சினின் சூடு, விளக்கு எரிந்ததா, மழைத்துடைப்பான் ஓடியதா, சாலை எப்படி, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஆறு கட்டங்கள். எழுதுவது அவன் வேலை. பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு எழுதவில்லை என்று முனகினான். நோயாளி சொன்னதை அன்றன்றே குறிக்காத கோப்பை வைத்து எந்த மருத்துவரும் வைத்தியம் பார்க்க முடியாது என்பது தேதியம்மா தம் அறையில் கண்டறிந்த உண்மை. காருக்கும் அதையே பொருத்தினார்.

முதல் சந்தேகம் சாவித் துவாரத்தின் மேல் விழுந்தது. கொத்துச்சாவியின் கனம் அதைத் தளர்த்தியிருக்கலாம் என்று எண்ணி ஒற்றைச் சாவியால் ஓட்டினார். மூன்றாம் நாள் வண்டி மறுபடி இருண்டது. தம்பி நேரத்தைக் குறித்துக்கொண்டான். பிறகு பேட்டரியின் முனைகளைச் சுரண்டி முடுக்கினார். அப்போதும் இருண்டது. இரண்டையும் ஒரே நாளில் செய்திருந்தால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரியாமல் போயிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்ற விதியை அவர் கடைசிவரை மீறவில்லை.

பதினாறாம் நாள் நோட்டைப் பரப்பிவைத்துப் பார்த்தார். ஏழு முறை இருண்டிருந்தது. ஏழு முறையும் இஞ்சின் சூடு, முன்விளக்கு எரிந்தது, இடது சக்கரம் குழியில் இறங்கியது.

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் விளக்குக்கும் எரிபொருள் பம்புக்கும் போய்விட்டு, வண்டியின் இரும்புடல் வழியாகத்தான் வீடு திரும்புகிறது. உடலையும் பேட்டரியையும் சேர்ப்பது ஒரே ஒரு தடித்த எர்த் வயர். நூலகப் புத்தகம் ஒன்றிலிருந்து இதைத் தாமே படித்துத் தெரிந்துகொண்ட தேதியம்மா, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும் மற்றதை உடலின் இரும்பிலும் வைத்தார். வண்டிக்குள் இருந்த தம்பியிடம் முன்விளக்கைப் போடச் சொன்னார். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டியது. காட்ட வேண்டியதும் அதுதான். இடது முன்மூலையில் போல்ட் போட்டிருந்த இடத்தில் வயரை இலேசாக அசைத்தார். மீட்டர் ஒன்பது வோல்ட்டுக்குத் தாவியது. விளக்கு மங்கியது.

தம்பி இறங்கிவந்து குனிந்து பார்த்தான்.

“இன்னொருதரம் அசைச்சுப் பாருக்கா.”

அசைத்தார். மறுபடியும் ஒன்பது.

போல்ட்டைக் கழற்றினார்கள். வயரின் வளையத்துக்கு அடியில், இரும்பு தெரிய வேண்டிய இடத்தில், பளபளவென்று நீலப் பெயின்ட். போல்ட்டின் மரை வழியாக மட்டுமே மின்சாரம் திரும்பிக்கொண்டிருந்தது; குலுங்கினால் அதுவும் அறுபட்டது. பதினான்கு மாதங்களுக்கு முன் இடது முன்பக்கம் நசுங்கியபோது அதே பணிமனைதான் சீர்செய்து வர்ணம் பூசியது. பெயின்ட் அடித்தவர் மூலைவரை அழகாக அடித்துவிட்டார். போல்ட் போட்டவர் அதன்மேலேயே போட்டுவிட்டார். அந்த ரசீதும் தேதியம்மாவின் கோப்பில் இருந்தது, தேதியோடு.

உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, வளையத்தைப் பதித்து முடுக்கி, கிரீஸ் தடவினார். அதன்பின் நாற்பது நாள், ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர். நோட்டின் கட்டங்கள் காலியாகவே இருந்தன.

சாவியைத் திருப்பி நீட்டிய தம்பி, உறவுக்காரர்களிடமெல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல் இந்தக் கதையைச் சொல்லித் திரிவதாகக் கேள்வி. தேதியம்மா கண்டுகொள்ளவில்லை. மருத்துவமனைக்கு அவரே ஓட்டிப்போகிறார், குழியுள்ள சாலையிலேயே, விளக்கைப் போட்டபடி.

ஆனால் அந்தத் தாள் இன்னும் அப்படியேதான் இருந்தது. அதனால் நோட்டின் நகல், ரசீதின் நகல், போல்ட்டின் புகைப்படங்கள் மூன்று ஆகியவற்றை இணைத்துப் பணிமனைக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் அனுப்பினார். அது இவ்வாறு முடிகிறது:

“பழுது வண்டியில் இருந்தது, தங்கள் பணிமனையில் உண்டானது. கண்டறிந்தவர், தாங்கள் கவனக்குறைவானவர் என்று எழுதிய அதே ஓட்டுநர். அவ்வாக்கியத்தை நீக்கிய திருத்தத் தாளைத் தேதியுடனும் கையொப்பத்துடனும் பதினைந்து நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். தொலைபேசியில் சொல்லும் சமாதானம் ஏற்கப்படமாட்டாது. பதில் எழுத்தில் வேண்டும்.”