மூழ்கினால் எந்தப் பக்கம்?

ஷைமா கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு மதியங்களில் நண்பர்கள் மூவருக்குப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு ஒன்றை நடத்துவாள். கதையை அவள் சொல்வாள்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவார்கள். யார் பிழைத்தார், யார் செத்தார் என்பதை நானூறு பக்க விதிப் புத்தகம் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறு, மூவரில் ஒருத்தியான ரித்திகா ஆடிய வீராங்கனை கதையில் வெள்ளத்தில் விழுந்தாள். எவ்வளவு நேரம் மூச்சடக்கலாம் என்று ஷைமா புத்தகத்தின் கடைசியிலிருந்த இன்டெக்ஸைப் புரட்டினாள். 'மூழ்குதல்: மூச்சுத்திணறல் பார்க்க' என்றிருந்தது. அங்கே போனால், 'ஆபத்துகள் பார்க்க'. ஆபத்துகள் என்றொரு தலைப்பே அதில் இல்லை.

கால் மணி நேரம் போயிற்று. கூட ஆடிய சுரேந்தர் சலித்துப்போய் செல்போனை எடுத்துவிட்டான்.

"ஏனுங்க்கா, நான் செத்துப்போனனுங்களா, இருக்கறனுங்களா?" என்றாள் ரித்திகா.

"இரு அம்மணி, தேடிட்டுத்தான் இருக்கேன்." ஷைமாவுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. கடைசியில், "சரி, கரையேறிட்டே," என்று தானே முடிவு சொன்னாள். அதற்குள் ஆட்டத்தின் சூடு ஆறிப்போயிருந்தது.

நாலு நாள் கழித்து, அதே புத்தகத்தில் கயிறு விலைப் பட்டியலுக்கு அடியில் பொடி எழுத்தில் அந்த விதி அகப்பட்டது. எரிச்சலில் மூன்று மாதம் உட்கார்ந்து புத்தகம் முழுவதற்கும் தானே ஓர் இன்டெக்ஸ் எழுதினாள்.

போன வாரம் சுரேந்தர் புதுப் பதிப்பை ஆசையாக வாங்கிவந்து நீட்டினான். அவள் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். படங்களைக் கூட்டியிருந்தார்கள்; இன்டெக்ஸையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

"இத எழுதுனவங்க ஒருநாளாச்சும் ஆடிப் பாத்திருப்பாங்களா?" என்று புத்தகத்தை மூடி அவன் மடியிலேயே வைத்தாள்.