எம்-சாண்ட் மேட்டில் ஸ்கீயும் ஸ்னோபோர்டும்

முதலில் பலகையைப் பார்த்தார்

பனிச்சறுக்குப் பலகையின் ஓரத்துக்குக் கூர் வைத்து அடியில் மெழுகு தேய்ப்பதுதான் என் தொழில். அன்றைக்கு மதியம் பலகை மேலே கிடந்தது, நான் அடியில் கிடந்தேன். வாய் நிறைய எம்-சாண்ட். இரண்டு காலும் பலகையோடு வாரில் கட்டியிருந்ததால் எழுந்திருக்கவும் முடியவில்லை. இடது மணிக்கட்டு என்னுடையது மாதிரியே இல்லை. எங்கள் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் யார்டு இருக்கிறது. கல்லை அரைத்த மணலை அங்கே மூன்று மாடி உயரத்துக்குக் கொட்டி வைத்திருப்பார்கள். சாப்பாட்டு இடைவேளையில் அந்த மேட்டின் உச்சியிலிருந்து ஸ்னோபோர்டில் இறங்கினவன், அடிவாரத்தில் தலைகுப்புற விழுந்திருந்தேன்.

மதில் சுவரின் உடைந்த சந்து வழியாக எங்கள் லைன் லீடர் முருகேசன் அண்ணன் ஓடி வந்தார். தென்காசிக்காரர். ஒரகடத்தில் ஆறு பேர் தங்கும் ரூமில் இருந்துகொண்டு ஐந்து வருஷமாகக் காண்ட்ராக்டில் உழைப்பவர். எங்கள் முதல் லாட், நானூறு ஸ்னோபோர்டு, அந்தச் சனிக்கிழமை கன்டெய்னரில் ஏற வேண்டும். குறையில்லாமல் ஏறினால் அவருக்கு பெர்மனன்ட் ஆர்டர் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். உங்களுக்கும் இப்படி ஒரு லீடர் வாய்த்திருந்தால் அடுத்து நடந்ததை நான் சொல்லவே வேண்டாம். என்னைத் தூக்கவில்லை. வாரை அவிழ்த்து, பலகையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே, இது நம்ம லாட் பலகைல்லா?" என்றார்.

நகம்

ப்ளஸ் டூவைப் பாதியில் விட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை, உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பதினெட்டு முடிந்த வாரமே பிள்ளைப்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறிவிட்டேன். ஒரு ஷெட்டில் ஸ்கீ லைன், பக்கத்து ஷெட்டில் எங்கள் ஸ்னோபோர்டு லைன். ஸ்கீ என்றால் காலுக்கு ஒன்றாக இரண்டு நீளப் பட்டை. ஸ்னோபோர்டு என்றால் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டுகிற ஒரே அகலப் பலகை. செய்கிற எங்களில் ஒருத்தரும் பனியைப் பார்த்ததில்லை. நான் பார்த்தது ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவைச் சுற்றிப் படிந்திருப்பதைத்தான்.

பலகையின் ஓரம் முழுக்க மெல்லிய எஃகுப் பட்டி ஓடும். அதன் கூர்மையைச் சோதிக்க மெஷின் கிடையாது, இடது கட்டைவிரல் நகம்தான். நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்தால் மாவு மாதிரி சீவல் விழ வேண்டும். எங்கள் ஆளை பஸ்ஸில் கண்டுபிடிப்பது சுலபம், அந்த ஒரு நகம் மட்டும் தட்டையாக இருக்கும்.

செக் ஷீட்டில் பதினான்காவது வேலை என்னுடையது: முன்நுனியிலும் பின்நுனியிலும் ஒரு சாண் நீளத்துக்குக் கூர்மையை ரப்பர் கல்லால் தேய்த்து மழுக்க வேண்டும். முதல் இருபது பலகைக்கு ஒழுங்காகச் செய்தேன். மூன்றாம் நாள் கல் தேய்ந்து தீர்ந்தது, புதுக் கல் வரவில்லை. எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு, உங்கள் இடத்திலும் இருக்கும், மறைக்காதீர்கள். ஷிப்ட் தொடங்கும்போதே அன்றைய ஷீட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடுவோம், வேலை பின்னால் வரும். அந்த ஒரு வேலை மட்டும் வரவே இல்லை. அண்ணனிடம் கேட்டேன். கையில் எண்ணிக்கை அட்டையோடு நின்றவர், "தீட்டுன கத்திய எவனாது திரும்ப மழுக்குவானால? டிக்கு கெடக்குல்லா, அடுத்தத எடு" என்றார்.

கேன்டீன் சண்டை

எது ஒசத்தி, ஸ்கீயா ஸ்னோபோர்டா? பனியையே பார்க்காத அறுபது பேர் சாம்பார் சாதத்தின் மேல் தினமும் அடித்துக்கொண்ட கேள்வி இது. ஸ்கீ லைன்காரர்கள், கால் இரண்டும் தனித்தனியாக இருப்பதுதான் மனுஷனுக்கு அழகு என்பார்கள். போர்டு என்பது இரண்டு காலையும் கட்டி மலையிலிருந்து தள்ளிவிடுகிற தண்டனையாம். அகலம்தான் மிதக்கும், உங்கள் பட்டை குச்சி மாதிரி குத்திக்கொண்டு உள்ளே போகும் என்பது எங்கள் கட்சி. ஒருத்தன் தட்டில் தயிர் சாதத்தைக் குவித்து ஸ்பூனைப் படுக்க வைத்தும் நிறுத்தி வைத்தும் செய்முறையே காட்டினான்.

கடைசிச் சோதனையில் கையெழுத்துப் போடும் ஜெயந்தி அக்கா குன்றத்தூர்க்காரர். முன்பு ஒரு போன் கம்பெனியில் இருந்தபோது ஆடிட்டுக்கு வந்தவர்களோடு பேசிப் பேசியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர். அந்தச் சண்டைக்கு ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார்: "இன்னாடா இது, மாப்ள மூஞ்சியே பாக்காம சீமந்தத்துக்கு நாள் பாத்துக்கினு கீறீங்க."

இடுப்பளவு

பிறகு ஹன்னா மேடம் வந்தார். பலகை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆள். ஐம்பது வயதுக்கு மேல், நரைமுடி, வெயிலில் தக்காளி மாதிரி சிவந்த முகம். சேல்ஸ்காரர் இல்லை, மலையிலேயே பிறந்தவர். நான் மழுக்கிய அந்த முதல் இருபது பலகையை நகத்தால் இழுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். அவர் நகமும் தட்டை. எனக்கு அதைப் பார்த்ததும் எங்கள் பஸ்ஸில் ஏற வேண்டியவர் மாதிரி தோன்றியது.

கேன்டீன் கேள்வியை அவரிடமே கேட்டுவிட்டேன். பதிலுக்குப் போனில் ஒரு வீடியோ போட்டார். வெள்ளை. வெறும் வெள்ளை. அதில் ஒரு சின்னப் புள்ளி இறங்கி வருகிறது, பின்னால் புகை மாதிரி பனி எழுகிறது, புள்ளி அதற்குள் மறைகிறது, மறுபடி வருகிறது. தரையைத் தொடுவதாகவே தெரியவில்லை. அந்தப் புள்ளி அவர்தானாம். அறுபது பேரும் சாப்பாட்டை மறந்து நின்றோம். அவர் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். ஜெயந்தி அக்கா உடனே தமிழில் சொல்லவில்லை, ஒரு தடவை எச்சில் முழுங்கினார். அப்புறம் சொன்னார்: "புதுசா வுழுந்த பனி இடுப்பு வரைக்கும் கீதாம். அதுல போவசொல்ல காலும் தெரியாதாம், தரையும் தெரியாதாம். தன்னோட மூச்சு மட்டும் கேக்குமாம்."

மேட்டின் மேல் நரைமுடி

புதன்கிழமை மதியம் ஹன்னா மேடம் ஜன்னல் வழியாக மணல்மேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ரிஜெக்ட் ரேக்கிலிருந்து ஒரு ஜோடி ஸ்கீயையும், தன் கையால் சோதித்த அந்த முதல் இருபது பலகையில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, சோதனைக்குக் கொண்டுவந்திருந்த தன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, மதில் சந்தில் குனிந்து போனார். மேனேஜர் பின்னாலேயே ஓடினார். அவரால் என்ன சொல்ல முடியும், வாங்குகிறவர் ஆயிற்றே.

முதலில் ஸ்கீ. பக்கவாட்டில் ஓர் ஓரத்தை மணலில் அழுத்தி, படி ஏறுகிற மாதிரி உச்சி வரைக்கும் ஏறினார். மேட்டுக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் காய்ந்த தூள், முழங்கால் புதையும். மறுபக்கம் லோடர் வண்டி வெட்டி எடுத்த இடம், ஈரத்தில் இறுகிச் சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவரில்தான் இறங்கினார். குதித்தார், காற்றிலேயே திரும்பினார், எதிர்ப்பக்க ஓரத்தால் கடித்து நின்றார். மறுபடி குதித்தார். செங்குத்தில் ஸ்கீக்கு நான்கு ஓரம், ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று பிடிக்கும் என்று கீழே வந்து சொன்னார். போர்டுக்கு ஒரு சமயத்தில் ஒரே ஓரம்தான், அதை நம்பி மொத்த உடம்பையும் சாய்க்க வேண்டும்.

அப்புறம் போர்டை எடுத்துத் தூள் பக்கம் போனார். நான் என்ன எழுதினாலும் அதற்குப் பக்கத்தில் வராது. பின்காலில் கொஞ்சம் சாய்ந்தார், அகலமான முன்நுனி தூளுக்கு மேலே எழும்பியது, அவ்வளவுதான். சத்தமே இல்லை. ஸ்கீயில் தூளுக்குள் போனால் இரண்டு காலிலும் சமமாக நிற்க வேண்டும், ஒன்று கனத்தால் அது முங்கிவிடும். போர்டுக்கு அந்தக் கவலை இல்லை. படகு மாதிரி வளைந்து வளைந்து வந்தார். அடிவாரச் சமதளத்தில் மட்டும் போர்டு நின்றுவிட்டது, ஸ்கீயாக இருந்தால் கையில் பிடிக்கும் குச்சியை ஊன்றித் தள்ளிப் போயிருப்பார். வாரை அவிழ்த்துக்கொண்டு சிரித்தார். லோடர் டிரைவர் எப்போது இஞ்சினை நிறுத்தினார் என்று தெரியவில்லை. கதவைத் திறந்து ஒரு காலைத் தொங்கவிட்டபடி, "மூணு வருசமா இத்த அள்ளிக்கினு கீறேன், இது மலைன்னு எனுக்குத் தெரியாமப் பூட்ச்சே" என்றார்.

என் முறை

அடுத்த நாள் மதியம் யாரிடமும் கேட்காமல் நான் ஏறினேன். கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள், அதனால் கேட்கவில்லை. பெயின்ட் கீறியதால் ஒதுக்கி வைத்திருந்த பலகை என்னிடம் இருந்தது. ஆனால் அது நானூறோடு சேர்ந்து தயாரானது, கூர் வைத்தது நான்தான்.

தூளில் முதல் பத்தடி. சொன்னால் சிரிப்பீர்கள், நான் மிதந்தேன். பின்காலில் சாய்ந்ததும் முன்நுனி எழும்பியது, கீழே ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது, என் மூச்சு எனக்கே கேட்டது. ஜெயந்தி அக்கா எதற்கு எச்சில் முழுங்கினார் என்று அப்போதுதான் புரிந்தது. அடிவாரத்தில் லோடர் சக்கரம் அழுத்தி இறுக்கிய தரை வந்தது. பலகையைத் திருப்பத் தொடங்கினேன். முன்நுனி தன் பாட்டுக்குத் தரையைக் கடித்துக்கொண்டு நின்றது, நான் நிற்கவில்லை.

மீதியை மேலேயே சொல்லிவிட்டேன். சொல்லாதது ஒன்று. முருகேசன் அண்ணன் பலகையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பழக்கதோஷத்தில் நான், இடது கை வராததால் வலது கட்டைவிரல் நகத்தை நுனியில் வைத்து இழுத்தேன். சீவல் விழுந்தது. அண்ணனும் அதைப் பார்த்தார். என் அடியில் மணல் இருந்தது. இந்தப் பலகையில் இறங்கப் போகிறவனின் அடியில் பாறை இருக்கும், பக்கத்தில் மரம் இருக்கும். அண்ணன், "நாம ரெண்டு பேருந்தாம்ல பாத்துருக்கோம்" என்றார்.

விழுந்த இடம்

அடிபட்டால் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். விழுந்த இடம், காரணம் என்று இரண்டு கட்டம். கேன்டீன் படிக்கட்டில் விழுந்ததாக எழுது, வாயை மூடிக்கொண்டு சனிக்கிழமை வரைக்கும் இரு என்றார் அண்ணன். அதட்டலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சினார். ஊரில் பெண்டாட்டியிடம் ஆர்டர் வந்துவிட்டது என்றே சொல்லிவிட்டாராம். அவர் முகத்தைப் பார்க்காமல் எழுதினேன்: விழுந்த இடம், எம்-சாண்ட் மேடு. காரணம், பதினான்காவது வேலையை நான் செய்யாமல் டிக் மட்டும் போட்டேன். அண்ணன் பெயரை எழுதவில்லை. ஜெயந்தி அக்கா வாங்கிப் படித்தார். அந்த நானூறிலும் அவர் கையெழுத்து இருந்தது. "எங்கையெழுத்தையும் சேத்துத்தான்டா கொளுத்திட்ட" என்றவர், தானே அதை ஹன்னா மேடத்திடம் எடுத்துப் போனார்.

சனிக்கிழமை கன்டெய்னர் காலியாக நின்றது. நானூறு பெட்டியையும் பிரித்தோம். நுனி கூராக இருந்தால் அது கால் சொல்வதைக் கேட்காது, தன் இஷ்டத்துக்குத் திரும்பும் என்று மேடம் தன் கையாலேயே தேய்த்துக் காட்டினார். திட்டவில்லை, திட்டியிருக்கலாம். கல் குறைந்ததை ஏன் சொல்லவில்லை என்று மேனேஜர் கேட்டபோது, அண்ணன் தானே முன்னால் வந்து, செய்ய வேண்டாம் என்றது நான்தான் என்றார். அவருடைய பெர்மனன்ட் ஆர்டரை அடுத்த லாட்டுக்குத் தள்ளிவைத்தார்கள். வருமா என்று இன்றைக்கு வரை தெரியாது.

புதுக் கல் வந்ததும் அண்ணன் மூன்று நாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தார். நான் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் தேய்த்தேன். கடைசிப் பலகையில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது, சீவல் இல்லை. என் பக்கம் திரும்பாமலே, "எவன் கழுத்தோ தப்பிச்சுட்டுல. அதுக்காவ ஒன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுராத" என்றார்.

நுனியை மழுக்கச் சொன்னார்கள், மழுக்கவில்லை, வாயை மூடச் சொன்னார்கள், மூடவில்லை. இந்தத் தொழிலில் நான் கேட்காமல் விட்ட பேச்சு இந்த இரண்டும்தான், அதில் ஒன்றுக்குத்தான் வருத்தம்.