ஊருணிப் பேய்க்குப் பாவாடை சட்டை

பேய்க்கதை எழுதுகிறவனிடம் யாரும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதில்லை. "பேயைப் பார்த்திருக்கீங்களா" என்றுதான் கேட்பார்கள். புதுக்கோட்டைப் பக்கம் உலவும் கதைகளைத் தேடிப் பிடித்து, பள்ளிப் பிள்ளைகளுக்குத் திகில் நாவல் எழுதுவது என் தொழில். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்குத் தெரியும்: பயமுறுத்தப் போன இடத்தில் பெரும்பாலும் நாம்தான் வாய் பிளந்து நிற்போம்.

வரப்புத் தகராறு இல்லை

பொன்னமராவதி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விவசாயி, தன் கடலைக்கொல்லையில் முதுமக்கள் தாழி இருப்பதாகச் சொன்னார். இறந்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலத்துப் பெரிய மண்பானை. விடுவேனா? அவரோடு இறங்கிப் போனேன். சுற்றிலும் கடலைச்செடி, நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் உழாத மண். டிராக்டர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகுமாம்.

மண்ணுக்கு மேலே பானையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. தொடக் குனிந்தவன் தொடாமலே நிமிர்ந்தேன். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் யாரோ அழுதுகொண்டே இறக்கிவைத்த பானை அல்லவா? "உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன். அவர் களை பிடுங்கிக்கொண்டே சொன்னார்: "அவுக பாட்டுக்கு உள்ள இருக்காக, நான் பாட்டுக்கு மேல இருக்கேன். எங்களுக்குள்ள வரப்புத் தகராறா இருக்கு?"

பேய்க்குப் பேர் எதற்கு?

என் புது நாவல் அரிமளம் பக்கத்து ஊருணி ஒன்றைப் பற்றியது. அதில் மூழ்கி இறந்த ஒரு சிறுமி, உச்சி வேளையில் படித்துறைக்கு வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள் என்பது ஊர்ப் பேச்சு. திரும்பிப் பார்த்தால் உள்ளே இழுத்துவிடுவாள் என்பது என் கைச்சரக்கு. நாவல் அச்சுக்குப் போக ஒரு வாரம் இருந்தபோது, அங்கிருந்த பள்ளியில் முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூச்சல் அடங்கியதும் கடைசி வரிசையில் ஒன்பதாம் வகுப்பு முத்தழகு எழுந்தாள். அந்தச் சிறுமிக்கு ஏன் பேரே வைக்கவில்லை என்று கேட்டாள். "பேய்க்கு எதுக்கும்மா பேரு?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "பேரு இருக்கு சார். வள்ளிக்கண்ணு. எங்க அத்தை."

வளராத அளவு

மூன்றாம் நாள் முத்தழகின் அம்மா போன் செய்தார். எல்லாரும் 'பேய் வீட்டுப் பொண்ணு' என்று கூப்பிடுவதால் மகள் பள்ளிக்கூடமே போகவில்லையாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நாளைக்கு வீட்டுல வள்ளிக்கண்ணுக்குப் படைப்பு. வந்து பாத்துட்டு அப்புறம் எழுதுங்க" என்றார்.

போனேன். சாமி அறையில் ஓர் ஓலைப்பெட்டி. அதில் புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன். எதிரே இலை போட்டுச் சோறு. இளம் வயதில் இறந்த பெண்ணை வீட்டுச் சாமியாகக் கும்பிடும் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், என் பேய்க்கு ஒரு வீடு இருக்கும் என்று யோசிக்காமல் போனேனே! "தண்ணியில போனவ இன்னொரு பிள்ளையைப் போக விடுவாளாங்க? தடுக்கத்தான கூப்பிடுறா" என்றார் அந்த அம்மா.

பெட்டியில் வருஷா வருஷம் அதே அளவில் புதுத்துணி வைப்பார்களாம், பழையதை வீட்டுப் பெண் உடுத்துவாளாம். போன வருஷத்துச் சட்டையை முத்தழகு தன் தோளில் வைத்துக் காட்டினாள். பாதி தோளுக்குத்தான் வந்தது. "பதினோரு வயசுல இந்த அளவு எனக்குச் சரியா இருந்துச்சு சார். நான் வளந்துட்டேன். அத்தை அப்படியேதான் இருக்காங்க."

பேர் கொடுத்து வைப்பது

அன்றைக்கே பதிப்பகத்துக்குப் போன் செய்து அச்சை நிறுத்தினேன். நாவலில் வள்ளிக்கண்ணு இப்போது யாரையும் இழுப்பதில்லை. பாசிப்படியில் கால் வைக்கப் போகிறவர்களைக் கூப்பிடுகிறாள், திரும்பியவர்கள் பிழைக்கிறார்கள். பேய் காப்பாற்றினால் எவன் பயப்படுவான் என்று எடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் அந்த வகுப்பில் இருந்திருக்க வேண்டும். முத்தழகைக் கையோடு கூட்டிப்போய், அவள் அம்மாவையும் உட்காரவைத்து, அதே பிள்ளைகளுக்கு மாற்றி எழுதியதை வாசித்தேன். கூச்சல் இல்லை. முடிந்ததும், முத்தழகை முதலில் கேலி செய்த பெண்ணே மெல்ல எழுந்து, "உங்க அத்தை எங்களையும் கூப்பிடுவாங்களாடி?" என்று கேட்டாள். முத்தழகு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். "பேரு தெரிஞ்சாத்தானே கூப்பிடுவாங்க? எல்லாரும் எழுதிக் குடுங்க, வீட்டுல சொல்லி வைக்கிறேன்."

ஊரையே நடுங்கவைக்கக் கிளம்பிய திகில் எழுத்தாளனாகிய நான், அந்தத் தாளில் என் பேரையும் இனிஷியலோடு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.