மொட்டை மாடியில் வந்த மிரட்டல்

ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதம். ஆரணியை ஒட்டிய சேவூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அப்பாவும் அண்ணனும் நெய்கிற பட்டுப் புடவைகளை நானும் அண்ணியும் படம் பிடித்து இணையத்தில் போட்டு விற்றுக்கொண்டிருந்தோம். புடவையின் அசல் நிறம் காலை வெயிலில்தான் தெரியும் என்பது அண்ணியின் பிடிவாதம். அதனால் ஏழரை மணிக்கே எனக்குப் புடவை கட்டிவிட்டு நிறுத்திவிடுவார்.

எங்களுக்குள் அப்போது அவ்வளவாக ஆகாது. "இன்னா இது, அரிசி மூட்டைக்குக் கட்டுனா மாதிரி நிக்கிற, நேரா நில்லு" என்பார். நானும் லேசில் விடமாட்டேன். கீழே இறங்குவதற்குள் இரண்டு சண்டையாவது முடிந்திருக்கும்.

அன்று அரக்கு நிறப் புடவையில் நின்றுகொண்டிருந்தேன். போனில் ஒரு செய்தி வந்தது. ஆறு மாதமாக ஒருவனோடு இணையத்தில் பேசி வந்தேன். பெங்களூரில் வேலை, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்றெல்லாம் சொல்லியிருந்தான். நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் நம்பினேன். நம்பி இரண்டு படங்கள் அனுப்பியிருந்தேன். எப்படிப்பட்ட படங்கள் என்று விளக்க வேண்டியதில்லை. சாயங்காலத்துக்குள் இன்னும் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற படங்கள் எங்கள் வாடிக்கையாளர்களுக்கும் அப்பாவுக்கும் போகும் என்று எழுதியிருந்தான். எங்கள் விற்பனைப் பக்கத்திலிருந்து எடுத்த அப்பாவின் எண்ணையும் அடியில் போட்டிருந்தான்.

பேசியது எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கணக்கையே மூடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"மொதல்ல கண்ணத் தொடச்சுக்க. பட்டு மேல தண்ணி உழுந்தா கறை நிக்கும்" என்று அண்ணி ஓடிவந்தார். தன் முந்தானையாலேயே என் முகத்தை ஒற்றினார். பிறகுதான் "இன்னாச்சு?" என்று கேட்டார்.

தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"எதையாச்சும் அழிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"அழிக்காத. பதிலும் போடாத."

பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்காக, வாடிக்கையாளர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் அண்ணி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பார். அதற்காக அவரை நான் கேலி செய்யாத நாள் கிடையாது. அதே மாதிரி இப்போதும் தேதி, நேரம், அவன் பக்கத்தின் பெயர் எல்லாம் தெரியும்படி வரிசையாக எடுத்தார். படங்கள் இருந்த இடம் வந்ததும் போனை என்னிடம் நீட்டினார். "இத நீ எடு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அவன் சொல்றதுக்கு முன்னாடி உங்க அப்பாகிட்ட நீயே சொல்லிடு. நான் கூட வரேன்" என்றார்.

அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாதி சொன்னேன், மீதி அழுகையாகிவிட்டது. நெய்வதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். அந்த மாதிரி அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"கோவமாத்தான் இருக்குது" என்றார். "அவன் அனுப்புனா அனுப்பட்டும். நான் தொறந்து பாக்க மாட்டேன். நீ அண்ணியோட போய் கம்ப்ளைன்ட் குடுத்துட்டு வா."

அன்றே அண்ணி வண்டியை எடுத்தார். சைபர் குற்றப் பிரிவில் இருந்த பெண் போலீஸ் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்துவிட்டு, பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் என்றார். வாடிக்கையாளர்களுக்கும் ஒரு செய்தி போட்டோம்: எங்களை மிரட்டி ஒருவர் படங்கள் அனுப்பலாம், தயவுசெய்து திறக்க வேண்டாம்.

சொன்னபடியே சிலருக்கு அனுப்பினான். சேலத்தில் ஒரு டீச்சரம்மா, "ஒண்ணு வந்துச்சும்மா, தொறக்காம ரிப்போர்ட் பண்ணிட்டேன். அந்த அரக்கு கலர் இன்னும் இருக்கா?" என்று எழுதியிருந்தார். மூன்று நாள் கழித்து அப்போதுதான் சிரித்தேன். அப்பாவுக்கும் வந்தது. "தெரியாத நம்பர்லேந்து இன்னாவோ வந்துகினே இருக்குது, எடுத்துடும்மா" என்று போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

சில நாளில் அவன் பக்கத்தை முடக்கிவிட்டார்கள். அவன் யார் என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்யாணமாகி இப்போது சென்னையில் இருக்கிறேன். சண்டையும் சிரிப்புமாக அண்ணியோடு மாடியில் நின்ற அந்தக் காலைகளை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. இத்தனை வருடத்தில், அந்தப் படங்களில் என்ன இருந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதால்தான், இன்றும் அந்த வீட்டுக்குள் என்னால் தலை நிமிர்ந்து நுழைய முடிகிறது.