ஆமை மேய்ந்த இடம்: செங்கல்பட்டிலிருந்து கடலோரக் குப்பம் வரை

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருப்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. ஐந்தரைக்கு என் தங்கை செல்வி போர்வையை உருவிவிட்டாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் ஆலிவ் ரிட்லி எனும் பங்குனி ஆமை ஒன்று ஒதுங்கியிருக்கிறதாம், செத்து அதிக நேரம் ஆகவில்லையாம். வனத்துறைக் காவலர் போன் செய்திருந்தார். ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்து புதைத்துவிடும்.

ஆமைகள் எங்கே மேய்கின்றன என்பதுதான் செல்வியின் ஆராய்ச்சி. நாம் தின்பது நம் நகத்திலும் முடியிலும் பதிவது போல ஆமையின் தோலிலும் ஓட்டிலும் பதிகிறதாம். அதிலுள்ள கார்பன், நைட்ரஜனில் கனமான அணுக்கள் எவ்வளவு என்று அளந்தால், கரையோரத்தில் மேய்ந்ததா ஆழ்கடலில் மேய்ந்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம். இந்தப் பருவத்தில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அழுகியவை. நல்ல மாதிரி கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் வீண்.

செங்கல்பட்டில் ஆறேகாலுக்கு பஸ். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து கல்பாக்கம் சாலையில் ஆட்டோ, முந்நூற்றைம்பது ரூபாய். டிரைவர் நானூற்றில் ஆரம்பித்தார், பேரம் பேசாமல் விட்டுவிடாதீர்கள்.

குப்பத்துக்குள் நுழைந்தோம். ஆமையைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். யாரும் வழி விடவில்லை. டிரைவர் நைசாக வண்டியைத் திருப்பி, சாலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

முன்னால் நின்றவர் துரை. ஃபைபர் படகு வைத்திருப்பவர், ஐம்பது வயது இருக்கும். ஆமை கிடந்தது அவர் படகுக்குப் பக்கத்தில். செல்வி அனுமதிக் கடிதத்தை நீட்டினாள். அவர் அதைத் தொடவே இல்லை. வலையில் சிக்கிச் செத்தது என்று கேஸ் போடத்தான் வந்திருக்கிறோம் என்று கூட்டம் முணுமுணுத்தது. எப்படிச் செத்தது என்று இதில் தெரியாது, எங்கே மேய்ந்தது என்றுதான் தெரியும் என்று செல்வி தன் நகத்தைக் காட்டி விளக்கினாள். மணி எட்டரை.

துரை நிதானமாகக் கேட்டார்.

"கரையாண்டதான் மேஞ்சிகினு கீதுன்னு வந்தா, எங்கள வலை போடாதன்னுவாங்களா?"

இல்லை என்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு பொய், பத்து நிமிஷ வேலை, கிளம்பிவிடலாம்.

"சொல்லலாம்ணே. சொல்ல மாட்டாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

பின்னால் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார். நான் ஆட்டோ பக்கம் இரண்டடி நகர்ந்தேன், சொல்வதற்கென்ன வெட்கம். துரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் காட்டிக் கூட்டத்தை விலக்கினார். செல்வி மண்டியிட்டு, கழுத்தோரத் தோலிலும் ஓட்டிலும் துளித்துளியாக வெட்டி, உப்புப் போட்ட குப்பிகளில் அடைத்தாள். தூரத்தில் ஜேசிபி சத்தம் கேட்டது.

எழுந்தபோது துரை வலை அறுக்கும் கத்தியால் தன் கட்டைவிரல் நகத்தைச் சீவி நீட்டினார்.

"அது எங்க மேயுதுன்னு எழுதற. நான் எங்க மேயறன்னும் சேத்து எழுது."

"என் பர்மிஷன்ல மனுஷங்க இல்லண்ணே."

"அதத்தான் சொல்றன்."

செல்வி ஒரு காலிக் குப்பியில் அதை வாங்கிக்கொண்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் மார்ச் வரை இந்தக் கரையில் நடந்தால் ஆமைகளைப் பார்க்க நேரலாம். உயிரோடோ செத்தோ, தொடாதீர்கள், அது குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம், நிழல் கிடையாது.

போன வாரம் முடிவு வந்தது. கரையோரம்தான் மேய்ந்திருக்கிறது. ஒரு ஆமையை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்கிறாள் செல்வி. ஆனாலும் முடிவை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. நகக் குப்பி அவள் மேசைமேலேயே இருக்கிறது. அச்சில் வருவதற்கு முன்னால் துரையிடம் நேரில் சொல்லிவிட வேண்டுமாம். நாளை போகிறோம். ஐந்தரைக்கு நானே அலாரம் வைத்துவிட்டேன்.