ஓடக் கூடாத வேன்

எங்கள் எதிர்வீட்டுக்காரர் துறைமுகத்தில் சம்பள வேன் ஓட்டினார். ஏழாம் தேதி வந்தால் ஒவ்வொரு கிடங்கு வாசலிலும் அந்த வேன் போய் நிற்கும். பக்கவாட்டில் கம்பிவலை போட்ட சின்ன ஜன்னல். உள்ளே காசாளர், வெளியே வரிசை. பதினேழு வருடம் அப்படி ஓட்டிய பிறகு, ஒரு கண் பரிசோதனையில் கடைசி இரண்டு வரி எழுத்துகளை அவரால் வாசிக்க முடியவில்லை. வேலை போயிற்று. அதே வருடம் வேனின் எஞ்சினும் நின்றுபோனது. அதைக் ‘கண்டம்’ என்று கழிவுப் பட்டியலில் சேர்த்து ஏலத்துக்கு விட்டார்கள். வேலையை விட்டு வந்தபோது கையில் கிடைத்த பணத்தில் அவர் செய்த முதல் காரியம் அந்த வேனை ஏலம் எடுத்தது.

“ரெண்டு பேரையும் ஒரே வருசத்துல கண்டம் பண்ட்டானுங்க” என்றார் என்னிடம். “அத்த வுட்டுட்டு நான் மட்டும் எங்க போறது?”

அவர் மனைவி இந்தப் பாசத்தில் கலந்துகொள்ளவில்லை. சோறு போடாத இரும்பை ராயபுரத்தில் எங்கள் சந்துக்குள் நிறுத்த விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தொழில் அப்படித்தான் தொடங்கியது. ஒரு லாரியில் கயிறு கட்டி வேனை எர்ணாவூர்ப் பக்கம் இழுத்துப்போனார்கள். அங்கே ஒரு தொழிற்சாலை வாசலுக்கு எதிரே, சாலையோரப் பூவரச மரத்தடியில் நிறுத்தினார்கள். உள்ளே இரண்டு மண்ணெண்ணெய் அடுப்பு, இட்லிக் குண்டான், தண்ணீர் டிரம். அந்த அம்மாள் சமைத்து, கம்பிவலையைக் கழற்றிய ஜன்னல் வழியாகத் தட்டுகளை நீட்டினார். காலையில் இட்லியும் வடகறியும். மதியம் சோறும் நெத்திலிக் குழம்பும். கணவருக்குத் தட்டு கழுவும் வேலை. கழுவாத நேரத்தில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் கை வைத்திருப்பார். துறைமுகத்திலிருந்து அந்தத் தொழிற்சாலைக்கு மாறி வந்திருந்த சிலர், பழக்க தோஷத்தில், இட்லி வாங்கும்போதும் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடுவதாகக் கேலி பேசிக்கொண்டார்கள்.

நான் அப்போது ஒரு மாலைப் பத்திரிகைக்கு வடசென்னைச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை, குடிசையில் தீ, மீன்பிடி வலையில் பெரிய திருக்கை என்று நான்கு வரியைத் தாண்டாத செய்திகள். எழுதத் தெரிந்தவன் என்பதால் தெருவில் மனு எழுதும் பொறுப்பும் என்னுடையது. எனவே வேன் கடைக்கு லைசென்ஸ் வாங்கும் வேலை என்னிடம் வந்தது.

நகராட்சி அலுவலகத்தில் உணவுக்கடை லைசென்ஸுக்கான படிவத்தில் முதல் கேள்வி கதவு எண். வேனுக்குக் கதவு மூன்று இருந்தது, எண் ஒன்றும் இல்லை. இரண்டாவது கேள்வி, சுவர்களுக்குக் கடைசியாகச் சுண்ணாம்பு அடித்த தேதி. மூன்றாவது, கழிவுநீர் எந்தச் சாக்கடையில் சேர்கிறது. மேசைக்காரர் பொறுமையாக விளக்கினார். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால் இது கடை இல்லை, வாகனம். வாகனத்தில் வைத்து விற்க வேண்டுமானால் அது சாலையில் ஓடத் தகுதியானது என்று வாகன அதிகாரியிடம் சான்று வாங்கி வர வேண்டும்.

வாகன அலுவலகத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: ஓடுமா? ஓடாது. அப்படியானால் அது வாகனம் இல்லை, பழைய இரும்பு. பழைய இரும்புக்கு அவர்கள் சான்று தருவதில்லை. நான் திரும்பி வந்து, நகர முடியாத பொருள் என்பதால் இதைக் கட்டடமாகக் கருத வேண்டும் என்று மனு எழுதினேன். நான்கு சக்கரம் இருப்பதைக் காரணம் காட்டி நிராகரித்தார்கள். சக்கரத்தைக் கழற்றிவிடட்டுமா என்று எதிர்வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்த யோசனையை வாக்கியம் முடியும் முன்பே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இதற்கிடையில் நகராட்சி லாரி இரண்டு முறை வந்து அடுப்பையும் குண்டானையும் தூக்கிப்போனது. மூன்றாவது முறை வேனையே இழுத்துப்போய்விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை.

லாரியோடு வந்தவர் சானிட்டரி இன்ஸ்பெக்டர். ஒல்லியான மனிதர். கையில் குடையும் சட்டைப் பையில் விதிப்புத்தகமும் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. அவரிடம் ஒரு குறை இருந்தது: லஞ்சம் வாங்கமாட்டார். ஒரு டீ கூடக் குடிக்கமாட்டார்.

“வாங்கிக்கினு போற ஆளா இருந்தா தேவலாம் தம்பி” என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். “இந்த மாதிரி நல்ல மனுசங்கிட்ட மாட்டிக்கினா ஒண்ணியும் பண்ண முடியாது.”

மூன்றாவது முறை லாரி வந்தது காலை உணவு நேரத்தில். தூரத்தில் அதைப் பார்த்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு வேனுக்குப் பின்னால் போய் நின்று தள்ள ஆரம்பித்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். பக்கத்தில் இருந்த மதில் மறைவுக்குள் கொண்டுபோய்விடலாம் என்பது திட்டம். உள்ளே கொதித்துக்கொண்டிருந்த குழம்போடும், அதைப் பிடித்துக்கொண்டு திட்டிய அம்மாளோடும், ஸ்டியரிங்கில் தன் வாழ்க்கையே அதில் இருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த கணவரோடும் வேன் நகர்ந்தது. மதில் வரை போவதற்குள் லாரி வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். கோபப்படவில்லை. வேனைச் சுற்றி ஒரு முறை நடந்தார். எஞ்சின் ஓடியதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். நீங்கள் கையால்தான் தள்ளினீர்களா என்று கேட்டார். இதற்கு என்ன தண்டனையோ என்று எல்லோரும் வேனிலிருந்து கையை எடுத்தார்கள். கடைசியில் ஒருவன் மட்டும் முணுமுணுத்தான்: “கையாலதான் சார். வேற இன்னாத்தால தள்றது?”

அவர் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். மனித உடல் வலிமையால் நகர்த்தப்படும் சக்கரம் பொருத்திய எதுவும் கைவண்டி என்று அதில் இருந்தது. எத்தனை சக்கரம், எவ்வளவு எடை, கூரை உண்டா இல்லையா என்றெல்லாம் எழுதியவர் யோசித்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அந்த வரியை இரண்டு முறை சத்தமாக வாசித்தார். நாற்பது பேரை ஏற்றிச்செல்லும் ரயில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாலும் அன்றைக்கு அதைக் கைவண்டி என்றுதான் எழுதியிருப்பார்.

அடுத்த வாரம் கைவண்டி லைசென்ஸுக்கான தகர வில்லை வந்தது. நிலக்கடலை விற்பவர்களின் வண்டிகளில் அடிக்கும் அதே வில்லை. வேனின் முன்பக்கம், பழைய பதிவெண் பலகைக்கு மேலே, எதிர்வீட்டுக்காரர் தானே ஆணி அடித்தார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த சாமியார் வேனைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்திருந்தார். இரண்டில் எது வேலை செய்தது என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

கைவண்டிக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று விதியில் இல்லை. அதன் நீளத்துக்காவது நகர்ந்தால்தான் நகர்ந்ததாகக் கொள்ள முடியும் என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்து, குடையால் அளந்து சாலையோரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். அரை மணிக்கு ஒரு முறை வேன் ஒரு நீளம் வடக்கே போகும். அடுத்த அரை மணியில் அதே அளவு தெற்கே வரும். திரும்பி வரக் கூடாது என்று விதி சொல்லவில்லை. தள்ளுவதற்குத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. தள்ளியவனுக்கு முதல் ஈடு இட்லி என்று அந்த அம்மாள் அறிவித்துவிட்டார். காலைச் சங்கு ஊதியதும் ஆட்கள் தட்டை நோக்கி ஓடுவதற்குப் பதிலாக வேனின் பின்பக்கத்தை நோக்கி ஓடியதை வேறு எந்தத் தொழிற்சாலை வாசலிலும் பார்த்திருக்க முடியாது. எதிர்வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் தட்டு கழுவுவதை விட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொள்வார். பதினான்கு அடிப் பயணத்துக்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். கையை வெளியே நீட்டி சைகையும் காட்டுவார்.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. பிறகு ஆயுத பூஜை வந்தது.

தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்த நான்கைந்து பேர், தினமும் தள்ளித் தின்ற நன்றிக்கோ, தள்ளி அலுத்த எரிச்சலுக்கோ, நைனாவின் எஞ்சினைச் சரிசெய்து கொடுப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். அவரை அவர்கள் நைனா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு மாதமாக மதிய இடைவேளைகளில் மூடியைத் திறந்து என்னவோ செய்துகொண்டிருந்தார்கள். பூஜையன்று காலை வேனுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தார்கள். டாஷ்போர்டில் இருந்த மாதா படத்துக்கும் ஒரு பொட்டு விழுந்தது. ஒருவன் வேனின் முன்னால் எஞ்சினைத் தொடக்கும் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். ஏழாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எதிர்வீட்டுக்காரர் அழுதார் என்று எழுத முடியாது. மூக்கைச் சிந்தினார். பிறகு மனைவியைப் பார்த்து, “ஏறு” என்றார். பதினேழு வருடம் அவர் ஓட்டிய வண்டியில் அந்த அம்மாள் ஒரு முறைகூட முன்னால் உட்கார்ந்ததில்லை. அது சர்க்கார் வண்டி. அன்று ஏறினார், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு. பக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்த இரண்டு பேர் எதிரே வருவதைச் சொல்லிக்கொண்டே போனார்கள்: மாட்டு வண்டி நைனா, இடப்பக்கம் சைக்கிள் நைனா, ஆடு, ஆடு. எண்ணூர் வரை போய்த் திரும்பினார்கள். ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் பின்னால் தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மறுநாள் அதை நான்கு வரிச் செய்தியாக அனுப்பினேன். கழித்துப் போட்ட வேன், தொழிலாளர்களின் உழைப்பு, மீண்டும் ஓடியது. நல்ல செய்தி என்று ஆசிரியர் சொல்லியனுப்பினார். மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தலைப்புப் போட்டு, கட்டம் கட்டி வெளியிட்டார்கள்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் பத்திரிகை வாசிப்பவர் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் குடையோடு வந்தார். கையில் கத்தரித்த செய்தி இருந்தது. அதில் வரும் வாகனம் இதுவா என்று கேட்டார். எஞ்சினால் ஓடுகிற பொருள் கைவண்டி ஆகாது. ஆகவே லைசென்ஸ் செல்லாது. வில்லையைக் கழற்ற வேண்டும். அவருக்கும் இது வருத்தம்தான் என்று தோன்றியது. முதல் முறையாக, தண்ணீர் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். “நல்லா எழுதிகீறே தம்பி” என்றார். இன்றைக்கும் என் எழுத்துக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதைவிடச் சுருக்கமானது இல்லை.

வாகனமாகவே பதிவு செய்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு ஓட்டுநருக்குக் கண் பரிசோதனை உண்டு. அந்தக் கடைசி இரண்டு வரி எங்கே போனாலும் அவருக்காகக் காத்திருந்தது. எஞ்சினைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றார் அந்த அம்மாள். கணவர் வேனின் மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் புத்தகத்தைப் புரட்டினார். எஞ்சின் இருக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. அது ஓடக் கூடாது, அவ்வளவுதான். முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி கொடுத்தால், தொடக்கும் கைப்பிடியை அலுவலகத்தில் ஒப்படைத்தால், லைசென்ஸை நீடிக்கலாம் என்றார். எழுதும் வேலை மறுபடியும் எனக்கு வந்தது. மேற்படி வண்டியில் பொருத்தப்பட்டுள்ள எஞ்சின் நல்ல நிலையில் உள்ளது என்றும், அதை எக்காலத்திலும் ஓட்டமாட்டேன் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன். எதிர்வீட்டுக்காரர் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நல்ல நிலையில் உள்ளது என்ற இடத்தில் மறுபடி ஒரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

கைப்பிடியில் கோப்பு எண் எழுதிய அட்டையைக் கட்டி, பதிவறையில் ஓர் ஆணியில் மாட்டினார்கள். வருடா வருடம் மார்ச் கடைசியில் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போகும்போது அவர் ஒரு சின்னப் புட்டியில் எண்ணெய் கொண்டுபோவார். கைப்பிடியை இறக்கித் தரச் சொல்லி, துணியால் துடைத்து, எண்ணெய் பூசித் திருப்பி மாட்டுவார். ஓட்டக் கூடாத வண்டிக்கு இது எதற்கு என்று மேசைக்காரர் ஒரு வருடம் கேட்டார்.

“ஓட்டக் கூடாதுன்னுதான் எழுதிக் குட்துகீறேன்” என்றார் அவர். “துரு புடிக்கணும்னு எழுதலியே.”

அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத, தொழிற்சாலை வாசலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. பத்துப் பேர் தள்ளுகிற வேனைக் கியரில் போட்டு கிளட்சை விட்டால் போதும். கைப்பிடி இல்லாமலே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். விதிப்படி அரை மணிக்கு ஒரு முறை பத்துப் பேர் தள்ளினார்கள். விதிப்படி அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார்.

ஒரே ஒரு நாள், மதியச் சோற்று நேரம், வேன் சுண்ணாம்புக் கோட்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், எஞ்சின் ஒரு தடவை உறுமியது. தள்ளியவர்கள் அப்படியே நின்று, எதுவும் காதில் விழாததுபோல் கடல் இருந்த திசையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். உள்ளேயிருந்து, குழம்புச் சட்டியைப் பிடித்தபடி, அந்த அம்மாள் ஒரே சொல் சொன்னார்: “லைசென்சு.”

கியர் நியூட்ரலுக்குப் போகும் சத்தம் கேட்டது. மீதி ஐந்தடியையும் கையால் தள்ளினார்கள்.

அன்று மாலை நான் அனுப்பிய செய்திகளில் இது இல்லை.